சாமி சுவிட்சும் நாலு தடவை தட்டிய கம்ப்யூட்டரும்

ஏலக்காய் ஸ்டோர்,
போடிமெட்டுக்கு மேலே,
18.8.2025

அன்பு மருமகள் மகாராணிக்கு,

உன் தாய்மாமன் சுருளி அடுப்பின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்து எழுதுவது. நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பவே மாட்டாள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஜீப்பு டிரைவர் சஜ்ஜாத், கவரைப் பார்த்ததுமே சிரித்துவிட்டான். ஆனாலும் உண்மையை மறைத்துப் பழக்கமில்லாத வம்சம் நம்முடையது.

போன பங்குனியில் நீ வந்து, ஏலக்காய் உலர்த்துகிற இந்த ஸ்டோரில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தாய். காய் உலரும் அறையின் சூட்டை அது அளக்கிறது, விசிறியை ஓட்டுகிறது, எங்கிருந்தாலும் போனில் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம் என்றாய். எல்லாம் மெய். ஆனால் இந்த மலையில் கரண்டு ஒரு நாளைக்கு ஏழு தடவை போய் எட்டுத் தடவை வருகிறது. வந்ததும் கம்ப்யூட்டர் தானாக எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. வைஃபையை மட்டும் பிடிப்பதில்லை. நான் கைகழுவி வந்து, என் பெயரைச் சொல்லி உள்ளே போய், வைஃபையைத் தேடித் தொட்டு, பதினாறு எழுத்துச் சங்கேதச் சொல்லை அடித்தால்தான் பிடிக்கிறது. நேற்று நான் ஒற்றை விரலால் அடிப்பதை ஜன்னல் வழியாக ஒரு கொம்பன் யானை பார்த்துக்கொண்டு நின்றது. பதினோராவது எழுத்தில் நின்றபடியே தூங்கிவிட்டது. சஜ்ஜாத் ஹாரன் அடித்து எழுப்பி அனுப்பிவைத்தான்.

இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். மலை மறைப்பில் இங்கே டவர் கிடையாது. வைஃபை பிடித்தால்தான் போனும் வாய் திறக்கும். அதைப் பிடிப்பதுதானே வழக்கு!

உன் கல்யாணப் பத்திரிகை வந்தது. ஆவணி பத்தொன்பது, செப்டம்பர் நாலு, வியாழக்கிழமை. மாப்பிள்ளை ராசிங்காபுரம் ராஜ்கமல். தாய்மாமன் என்று போட்டு என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பார்த்ததும் மலை ஒரு அடி உயர்ந்தது, அளந்து பார்த்தேன். ஆனால் ஆத்தா, அன்றைக்கு இங்கே காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும். முப்பது குடும்பத்துக் காய் இந்த அடுப்பில்தான் உலர்கிறது. பதினெட்டு மணி நேரம் தீ இறங்காது. சூடு ஐம்பத்தைந்தைத் தாண்டினால் காய் பச்சை நிறம் போய்ப் பழுப்பேறிய பீடி மாதிரி ஆகிவிடும். அடுப்பில் விறகு போடுகிற ஒச்சம்மாளுக்குத் தீயைத் தெரியும், சூட்டின் கணக்கு தெரியாது.

இதற்கு மேல் என்ன எழுத என்று தெரியவில்லை.

சுருளி

---

போடி,
19.8.2025

மாமா,

என்ன எழுத என்று தெரியவில்லையா? எனக்குத் தெரியும். "கல்யாணத்துக்கு வரமுடியாது" என்று எழுத வந்து, யானையை நிறுத்தி மறைத்திருக்கிறீர்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினபோது காய் எடுப்பு. காலேஜ் பட்டம் வாங்கினபோது காய் எடுப்பு. போன கார்த்திகையில் போடியில் என் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையைத் திறந்தபோதும் காய் எடுப்பு. "நம்ம வம்சத்துல முதல் கடை, மாமன் கையால திறக்கணும்" என்று நான் காத்திருந்ததும் உங்களுக்குத் தெரியும். பூட்டைத் திறந்தது கடைசியில் நானே.

கல்யாணத்தில் என் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்து மாமன் மாலை போடுவது யார் என்று கேட்கிறார்கள். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஈஸ்வரன் மாமா தயாராக இருக்கிறார். "அவன் எங்கத்தா மலையை விட்டு இறங்கப் போறான், நான் போடுறேன் மாலைய" என்கிறார். புது வேட்டி எடுத்தாகிவிட்டதாம்.

இனி வேலை. நீங்கள் அடிக்கும் சங்கேதச் சொல் உங்கள் சொந்தப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. நீங்கள் வந்து உங்கள் பெயரில் நுழைந்தால்தான் பெட்டி திறக்கும். அதனால்தான் கம்ப்யூட்டர் எழுந்ததும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. சாவியை அதன் கைக்கெட்டும் ஆணியில் மாட்டவேண்டும், அவ்வளவுதான். வைஃபை அமைப்பைத் திறந்தால் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று, தானாக இணை என்பது. இன்னொன்று, இந்தக் கம்ப்யூட்டரின் எல்லாப் பயனர்களுக்கும் என்பது. இரண்டிலும் டிக் போடுங்கள். பிறகு சங்கேதச் சொல்லை எல்லோருக்குமாகச் சேமிக்கவும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

அது தானாகப் பிடித்துவிட்டால், மண்டபத்தில் நின்றபடியே நீங்கள் சூட்டைப் பார்க்கலாம். அப்புறம் சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

மகாராணி

---

ஏலக்காய் ஸ்டோர்,
22.8.2025

மருமகளே,

ஈஸ்வரன் வேட்டி எடுத்துவிட்டானா? அந்த வேட்டியை அவன் கட்டிக்கொண்டு பந்தியில் சாம்பார் ஊற்றட்டும். மாலையைத் தொட்டான் என்றால், பதினேழு கொண்டை ஊசி வளைவையும் நேராக்கி ஒரே நீட்டாக அவன் வீட்டு வாசலில் போட்டுவிடுவேன் என்று சொல்லிவை.

நீ சொன்னபடி இரண்டு கட்டத்திலும் டிக் போட்டேன். சாவியை ஆணியில் மாட்டினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். நான் நுழையாமலே வைஃபையைப் பிடித்தது! ஒச்சம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் கொஞ்ச நேரம் ஏலக்காய் மூட்டை மேல் ஏறி நின்றேன், தரையில் நின்றால் பெருமை இடிக்கிறது.

மறுநாள் காற்றில் கம்பி அறுந்து கரண்டு போய் வந்தது. நான் கீழே பச்சைக்காய் எடை போட்டுக்கொண்டிருந்தேன். ஒச்சம்மாள் வாசலுக்கு வந்து கத்தினாள்:

"அண்ணே, கரண்டு வந்துருச்சு. கம்ப்யூட்டரு முழிச்சிருச்சு. ஆனா மொகத்தத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கு."

"வைஃபை பிடிச்சிருக்கா பாரு, விசிறி மாதிரி ஒரு படம் தெரியும்."

"விசிறியும் இல்ல, மொறமும் இல்ல. வெரசா வாங்க, நான் தீயத் தொடுவேன், அதத் தொடமாட்டேன்."

அன்று மூன்று தடவை கரண்டு போனது. மூன்று தடவையும் இதே கதை. நானே சோதித்தால் பிடிக்கிறது, கரண்டு போய் வந்தால் பிடிக்கவில்லை. ஒரு தடவை போனில் விசிறியைக் கூட்ட முடியாமல் நான் ஏறிவருவதற்குள் சூடு அறுபதைத் தொட்டுவிட்டது. இரண்டு தட்டுக் காய் நிறம் மாறிப்போனது. முனியாயி வீட்டுக் காய். அவள் கெட்ட காயைத் தனியாகக் குவித்துவைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

உன் வைஃபைப் பெட்டியை நான் ஏதோ மூலையில் போட்டிருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. என் மருமகள் கொடுத்த பெட்டி. வாசலுக்கு மேலே மாரியம்மன் படம் இருக்கும் பலகையில், ஆத்தாளுக்குப் பக்கத்திலேயே வைத்து, பொட்டிட்டு, பூப்போட்டு, அம்மன் விளக்கு எரியும் அதே பிளக்கில் மாட்டியிருக்கிறேன். இந்த மரியாதை மதுரையில் எந்தப் பெட்டிக்கும் கிடையாது.

அப்புறம், கடைத் திறப்புக்கு வரவில்லை என்றாய். அபாண்டம். வந்தேன். ஒரு காட்டுப்பன்றி மேலேறி, பதினேழு வளைவையும் பதினேழு மூச்சில் இறங்கி, உன் கடைக்கு எதிர் டீக்கடையில் நின்று, போர்டில் உன் பெயரைப் படித்து, பன்றிக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்துத் திரும்பினேன். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

மாலை ஈஸ்வரன் கைக்குப் போகக்கூடாது, ஆத்தா. இதை மட்டும் விளையாட்டாக எழுதவில்லை.

சுருளி

---

போடி,
24.8.2025

மாமா,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்து நாலு தடவை படித்தேன். என்ன கோளாறு என்று பிடிபடவில்லை. கம்ப்யூட்டரைக் கழற்றி ஜீப்பில் ஏற்றி அனுப்பச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மாரியம்மன் பலகை வந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டது.

"அவன் அந்தக் காலத்துல ரேடியோவையே சாமிக்குப் பக்கத்துல வச்சுப் பத்தி கொளுத்துனவன்டி. அந்தப் பிளக்கு சாமி சுவிட்சுல்ல இருக்கும்?"

"இருந்தா என்னம்மா?"

"கரண்டு போச்சுன்னா சாமி சுவிட்ச அமத்திருவாக. வந்தப்புறம் கைகால் கழுவி, கும்புட்டுத்தான் போடுவாக. கரிக்கையோட போடலாமா? எங்க ஆத்தா காலத்துலருந்து அப்படித்தான்."

மாமா! சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

நடப்பது இதுதான். கரண்டு வந்ததும் கம்ப்யூட்டர் எழுகிறது. வைஃபை வீட்டுக் கதவைத் தட்டுகிறது. அந்த நேரம் ஒச்சம்மாள் அக்கா அடுப்புக் கரி போகக் கை கழுவிக்கொண்டிருக்கிறது. அப்புறம் கும்பிடுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்காகவும் வேண்டிக்கொள்கிறது. கடைசியில் சுவிட்சைப் போடுகிறது. அதற்குப் பிறகும் பெட்டி கண் விழிக்க இரண்டு நிமிஷம் ஆகும். கம்ப்யூட்டரோ வழக்கப்படி நாலு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று முடிவு கட்டி உட்கார்ந்துவிடுகிறது. நீங்கள் சோதித்தபோது கம்ப்யூட்டரை மட்டும்தான் அணைத்தீர்கள். பெட்டி விழித்தே இருந்தது. அதனால்தான் பிடித்தது.

பெட்டியை வேறு பிளக்கில் மாட்டுங்கள் என்று எழுத வந்தேன். எழுதி அடித்துவிட்டேன். என் பெட்டிக்குப் பொட்டு வைத்த கையை நான் எப்படி எடுக்கச் சொல்லுவேன்? அக்கா கை கழுவட்டும். எத்தனை பிள்ளைகளுக்கு வேண்டுமோ அத்தனைக்கும் வேண்டிக்கொள்ளட்டும். கம்ப்யூட்டர் காத்திருக்கும். நாலு தடவை என்றிருக்கும் எண்ணிக்கையைச் சுழியம் என்று மாற்றினால், கதவு திறக்கிறவரை சலிக்காமல் தட்டிக்கொண்டே இருக்கும். அதற்கான வரியைத் தனிச் சீட்டில் பச்சை மையால் எழுதியிருக்கிறேன். கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து, அதை அப்படியே அடியுங்கள். ஓர் இடைவெளிகூடக் கூடவோ குறையவோ கூடாது. யானை நின்றால் அடிக்காதீர்கள், கவனம் சிதறும்.

பன்றிக் கதையை நான் நம்பவில்லை. திறப்பு நாளன்று மதியம் வரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்திருந்தால் தெரியாதா? அன்று நடந்த ஒரே ஆச்சரியம், நான் சாப்பிட உள்ளே போய்வந்த நேரத்தில் யாரோ போர்டில் ஒரு ஏலக்காய் மாலை மாட்டிவிட்டுப் போயிருந்ததுதான். பஜாரில் ஏலக்காய் வியாபாரிகள் யாராவது இருக்கும். நல்ல பச்சைக் காய், ஆனால் கஞ்சன், மூட்டை தைக்கிற சணலில் கட்டியிருந்தான்.

மகாராணி

---

ஏலக்காய் ஸ்டோர்,
28.8.2025

மகாராணி அவர்களின் திருச்சமூகத்துக்கு,

அடித்தேன். ஒரு வரி. ஒன்றே கால் மணி நேரம். இடைவெளி விடவேண்டிய இடத்தில் ஒச்சம்மாளை மூச்சு விடச் சொல்லி எண்ணினேன்.

அப்புறம் சோதனை. "நான் போடிமெட்டுக்குப் போறேன், சாயா குடிச்சு முடிக்கிற நேரத்துல மெயின அமத்தி, பத்து எண்ணிட்டுப் போடு. மத்ததெல்லாம் உன் வழக்கம்போல" என்று ஒச்சம்மாளிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். அங்கே டவர் உண்டு. சாயாக் கடைப் பெஞ்சில் நானும் சஜ்ஜாத்தும். என் போனில் சூடு ஐம்பத்திரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று தொடர்பு இல்லை என்றது. ஒரு நிமிஷம் போனது. மூன்று நிமிஷம். அஞ்சு.

"அண்ணே, சாயா ஆறிப்போச்சு" என்றான் சஜ்ஜாத்.

"ஆறட்டும்."

"இன்னிக்கு அக்கா பேரப்பிள்ளைகளுக்கும் சேத்து வேண்டுது போல."

ஏழாவது நிமிஷம் போன் ஒரு சத்தம் கொடுத்தது. ஐம்பத்து மூன்று! என் கண் முன்னே விசிறியை ஒரு புள்ளி கூட்டினேன். மலைக்கு மேலே என் விசிறி, என் விரலுக்குக் கீழே! பெஞ்சில் இருந்த அத்தனை தோட்டக்காரர்களுக்கும் போனைக் காட்டினேன். கேரளா பக்கம் போகிற பஸ்சை மறித்து டிரைவருக்கும் காட்டினேன். "யாரு செஞ்சது?" என்று கேட்டார்கள். "எம் மருமக. தொட்டுப் பாக்காம, கடுதாசியிலயே செஞ்சா" என்றேன். அதன்பின் அந்தக் கடையில் யாரும் அரை மணி நேரம் பேசவில்லை. நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

நாலு தடவை தட்டிவிட்டுத் தூங்கப் போகிற பயலைத் திருத்திவிட்டாய். நம் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

வர்றேன், ஆத்தா. ஈஸ்வரனிடம் சாம்பார் வாளியைக் கொடுத்துவை.

சுருளி

---

போடி,
2.9.2025

மாமா,

சஜ்ஜாத் அண்ணன் கிளம்பிக்கொண்டிருக்கிறது, ஒரே வரி. வர்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வார்த்தையை நீங்கள் பட்டமளிப்புக்கும் எழுதினீர்கள்.

மகாராணி

---

ராசிங்காபுரம்,
8.9.2025

மாமா,

புது வீட்டிலிருந்து முதல் கடிதம். இவர் எனக்காக ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார். வைஃபையும் இருக்கிறது, தானாகவே பிடிக்கிறது, அதனால் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அன்று நடந்ததை நீங்கள் பத்து விதமாகச் சொல்லிக்கொண்டு திரிவீர்கள். நான் பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

என் கையைப் பிடித்து மணவறைப் படிக்குக் கொண்டுவந்தீர்கள். கையில் விறகுப் புகை வாசம். அந்த நேரம் பார்த்து உங்கள் சட்டைப் பையில் போன் கத்தியது. எனக்குத் தெரிந்த சத்தம்தான், தொடர்பு இல்லை. மலையில் கரண்டு போய்விட்டது. என் கால் நின்றுவிட்டது. படிக்குக் கீழே ஈஸ்வரன் மாமா தோள்துண்டைச் சரிசெய்ததைப் பார்த்தேன்.

"மாமா, பாருங்க" என்றேன்.

"என்னத்த?"

"போன. சூடு ஏறுனா? முப்பது குடும்பத்துக் காயி."

"பாக்கமாட்டேன். அது தட்டிக்கிட்டு இருக்கும்."

"பிடிக்கலைன்னா?"

"நீ எழுதுன வரி ஆத்தா. பிடிக்கும். நடங்க மகாராணி."

எடுத்துப் பார்க்கவே இல்லை நீங்கள். மாலையைப் போட்டீர்கள். போட்ட கை நேரே சட்டைப் பைக்குப் போய் அழுத்திப் பிடித்துக்கொண்டது, எல்லோரும் பாசத்தில் நெஞ்சைத் தொடுகிறீர்கள் என்று நினைத்திருப்பார்கள், எனக்கு மட்டும்தான் சூட்டைப் பற்றியும் தெரியும். நான் உட்கார்ந்து, தாலித் தட்டை எல்லோரும் தொட்டு வணங்கச் சுற்றிக் கொண்டுவருகிற நேரத்தில் போன் மறுபடி சத்தம் கொடுத்தது. அப்போதுதான் எடுத்துப் பார்த்தீர்கள். ஐம்பத்து நாலு. பெரியவர் தாலியை எடுத்து நீட்டிக்கொண்டு நிற்க, நீங்கள் அவருக்குப் போனை நீட்டினீர்கள்! மண்டபமே கேட்கும்படி, "மத்த ஊர்ல பொண்ணு மாப்ளைக்கு மாலை போடும், எம் மருமக மலைக்கே போட்டிருக்கா" என்றீர்கள். இவர் என் காதில், "உங்க மாமா எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டார். "இன்னிக்குக் கொஞ்சம் அடக்கமா இருக்காரு" என்றேன்.

பட்டம் வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு கர்வமாக இருந்ததில்லை, மாமா.

இப்போது ஒரு கேள்வி. நீங்கள் போட்டது ஏலக்காய் மாலை. முன்பக்கம் ஜரிகை, குஞ்சம், எல்லாம் இருந்தது. ஆனால் தாலி கட்டி முடிகிறவரை பின்கழுத்து அரித்துக்கொண்டே இருந்தது. கழற்றியதும் பார்த்தேன். மூட்டை தைக்கிற சணல். இரட்டை முடிச்சு. வீட்டிலிருந்து என் கடைக்கு ஆள் அனுப்பி, போர்டில் மாட்டியிருந்த பழைய மாலையை எடுத்துவரச் சொன்னேன். அதே சணல். அதே இரட்டை முடிச்சு.

பஜாரில் எந்த வியாபாரி மாமா அந்தக் கஞ்சன்?

மகாராணி

---

ஏலக்காய் ஸ்டோர்,
11.9.2025

மருமகளே,

கஞ்சன் என்று இரண்டு தடவை எழுதிவிட்டாய். ஸ்டோரில் பட்டு நூலா விளைகிறது?

ஜரிகை வைத்தது ஒச்சம்மாள். முனியாயியும் கூட உட்கார்ந்து காய் பொறுக்கிக் கோத்தாள். நிறம் மாறிப்போன காய்க்குப் பதிலாக அவளுக்கு என் பங்கிலிருந்து கொடுத்திருந்தேன், அதிலிருந்தே பாதியை உன் மாலைக்கு எடுத்துவிட்டாள். முடிச்சு மட்டும் நான் போட்டேன். எனக்கு அந்த ஒரு முடிச்சுதான் தெரியும்.

கரண்டு போனபோது இங்கே என்ன நடந்தது என்று ஒச்சம்மாளிடம் கேட்டேன். கை கழுவினாளாம். கும்பிட்டாளாம். "என்ன வேண்டுன?" என்றேன். "பிள்ளைக்கு நல்லபடியா முடியணும்னு. பெட்டிக்கு ஒண்ணும் வேண்டல, அதப் பிள்ளையே பாத்துக்கும்" என்றாள். முப்பது குடும்பத்துக் காயும் தளிர்ப் பச்சையில் இறங்கியது. அந்தப் பச்சையைப் பார்த்து மரத்திலிருந்த கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து, எங்கள் நிறம் எங்கே என்று தகராறு செய்தன. சமாதானப்படுத்தி அனுப்பினேன்.

சரி. நீ மகாராணி. விசாரணை என்று வந்துவிட்டால் வாக்குமூலம் கொடுக்கவேண்டியதுதான்.

யானை பொய். அது யானையில்லை, மாடு, அதுவும் தூங்கவில்லை. பஸ்சை மறித்தது பொய், அது தானாக நின்றது. மலை ஒரு அடி உயர்ந்ததை அளந்தேன் என்றது பொய், அளக்கவில்லை. பன்றி பொய். சஜ்ஜாத் ஜீப்பில் ஏலக்காய் லோடு மேலே உட்கார்ந்து வந்தேன். வடையை நான்தான் தின்றேன்.

கார்த்திகை மாதம். உன் கடைக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். உள்ளே ஜனம். நீ சேலை கட்டிக்கொண்டு யாருக்கோ மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாய். என் சட்டை முழுக்கக் கரி, அடுப்பில் தீ, திரும்புகிற ஜீப்பு புறப்பட இருபது நிமிஷம். உள்ளே வந்தால் பூட்டைத் திறக்கச் சொல்வாய், நீ ஏற்கெனவே திறந்துவிட்டாய், அது உன் கையால் திறந்ததுதான் நல்லது என்று பட்டது. நீ சாப்பிட உள்ளே போனதும் தெருவைத் தாண்டி வந்து மாலையை மாட்டினேன். போர்டில் உன் பெயரை மூன்று தடவை படித்தேன்.

அது மட்டும் நிஜம்.

சுருளி